பழைய சரக்கு வேன்களின் கியர்ப் பெட்டியும் இணைப்புக் கோல்களும்

பெரம்பலூர் ஜில்லாவில் செட்டிகுளம், பாடாலூர் முதலிய வட்டாரங்களில் சின்ன வெங்காயம் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்கு, விளைவிப்பது பாதி வேலையேயாகும். விளைந்ததை வேளை தவறாமல் மண்டியில் சேர்ப்பது மறுபாதி. பட்டறையில் அடைத்துப் பாதுகாத்த காயை விலை ஏறியிருக்கும் சமயம் பார்த்து மூட்டை கட்டித் திருச்சிராப்பள்ளி மண்டிக்குக் காலையில் கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் விலையும் மாறும். மழை பிடித்தால் காயும் அழுகும். அரியலூர் ஜில்லாவில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் கொட்டைக்கும், திருமானூர்ப் பக்கத்து நெல்லுக்கும், இரு ஜில்லாக்களிலும் விளையும் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் ஏறக்குறைய இதே நியாயந்தான்.

முற்காலத்தில் இரட்டை மாட்டு வண்டி செய்த இவ்வேலையை இக்காலத்தில் சிறு சரக்கு வேன்கள் செய்கின்றன. 2005ஆம் வருஷம் மே மாதத்தில் டாட்டா கம்பெனியார் வெளியிட்ட ‘ஏஸ்’ என்னும் வண்டி, ‘குட்டியானை’ என்ற பெயரால் தமிழ்நாட்டின் பட்டிதொட்டிகளிலெல்லாம் பரவிற்று. அதன் முதல் வண்டிகளுக்கு இப்பொழுது இருபது வயதாகிவிட்டது. அதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த மெட்டடார் முதலிய வேன்களும் சில கிராமங்களில் இன்னும் பாரம் சுமக்கின்றன. புது வண்டி வாங்கப் பெருந்தொகை வேண்டியிருப்பதால், உள்ளதை ஒழுங்காய் வைத்துக்கொள்வதே பெரும்பாலாருக்கு உகந்த வழி.

இத்தகைய பழைய வண்டிகளில் அடிக்கடி தொல்லை தருவது கியர் மாற்றும் பாகமாகும். “கியர் விழவில்லை”, “விழுந்த கியர் நிற்கவில்லை” என்பவை சொந்தக்காரர்கள் சாதாரணமாய்க் கூறும் முறைப்பாடுகள். உடனே கியர்ப் பெட்டி கெட்டுவிட்டதென்று தீர்மானித்து, அதனை இறக்கிப் பிரிக்கச் சொல்வோர் பலர். பெட்டியை இறக்குவது பெருஞ்செலவு. அறுவடைக் காலத்தில் வண்டி பல நாள் நின்றுவிடும். உண்மையிலோ, கோளாறு பெட்டிக்கு வெளியே, ஓட்டுபவரின் கைப்பிடியிலிருந்து பெட்டி வரையில் செல்லும் கோல்களிலும் மூட்டுகளிலும் இருப்பது மிகச் சாதாரணம். ஆதலால் வெளியே உள்ளதை முதலில் சோதித்து, அதன் பிறகே உள்ளே உள்ளதைத் தொடவேண்டும் என்பது யாவரும் மனத்தில் பதிக்க வேண்டிய விதியாகும்.

கியர்ப் பெட்டியின் அமைப்பு

எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாய்க் கியர்ப் பெட்டிக்குள் வருகிறது. பெட்டிக்குள் பெரிதும் சிறிதுமான பற்சக்கரங்கள் ஜோடி ஜோடியாய் அமைந்துள்ளன. முன்னோக்கிச் செல்வதற்கான ஜோடிகள் எப்பொழுதும் ஒன்றோடொன்று கவ்வியபடியே சுழன்று கொண்டிருக்கும். எந்த ஜோடியின் வழியாய்ச் சக்கரத்திற்குச் சுழற்சி செல்ல வேண்டுமோ, அதனை அச்சோடு பூட்டுவதற்கு ஒரு நழுவு வளையம் உண்டு. அவ்வளையத்தைக் கவை போன்ற ஓர் உறுப்பு பிடித்துத் தள்ளுகிறது. வளையம் முற்றிலும் சென்று பூட்டிக்கொண்ட பின் அங்கேயே நிற்பதற்காக, கவை பொருந்தியுள்ள கம்பியில் ஒரு குழியும், அக்குழியில் விழும் எஃகுக் குண்டும், குண்டை அழுத்தும் வில்லும் இருக்கும். கியர் விழும்போது கையில் உணரப்படும் ‘டக்’ என்னும் சிறு அதிர்வு இக்குண்டு குழியில் விழுவதாலேயே உண்டாகிறது.

பூட்டுவதற்கு முன் இரு பாகங்களின் வேகமும் சமப்பட வேண்டும். இதற்காகப் பித்தளை போன்ற உலோகத்தாலான வளையங்கள் உண்டு. இவற்றை மெக்கானிக்குகள் ‘சிங்க்ரோ ரிங்’ என்பர். அமெரிக்காவில் காடிலாக் கம்பெனியார் 1928ஆம் வருஷத்தில் இம்முறையைத் தங்கள் வண்டிகளில் முதன்முதல் புகுத்தினர். பழைய வேன்களில் ரிவர்ஸ் கியருக்குப் பெரும்பாலும் இவ்வளையம் கிடையாது. இதனை நினைவில் வைப்பது பின்னர்ச் சொல்லப்படும் சோதனைக்கு உதவும்.

இணைப்புக் கோல்கள்

ஜீப் போன்ற வண்டிகளில் கைப்பிடி நேரே கியர்ப் பெட்டியின் மேல் நிற்கும். சரக்கு வேன்களிலோ, பாரத்திற்கு அதிக இடம் விடும் பொருட்டு ஓட்டுபவரின் ஆசனத்தை முன்னே தள்ளி, எஞ்சினை ஆசனத்தின் அடியிலோ அருகிலோ வைத்துள்ளனர். கியர்ப் பெட்டி பின்னே தங்கிவிடுகிறது. எனவே கைப்பிடியின் அசைவைப் பெட்டிக்குக் கொண்டு செல்ல நீண்ட கோல்களோ உறைக்குள் ஓடும் கம்பிகளோ தேவைப்படுகின்றன. கைப்பிடிக்கு இரண்டு அசைவுகள் உண்டு. இடம் வலமாய் நகர்வது எந்தக் கவை என்று தேர்ந்தெடுக்கிறது. முன் பின்னாய் நகர்வது அக்கவையைத் தள்ளுகிறது. இவ்விரண்டும் பிசகின்றிப் பெட்டியைச் சேர வேண்டும்.

வழியில் பல மூட்டுகள் உள்ளன. ஒவ்வொரு மூட்டிலும் நைலான், ரப்பர் அல்லது பித்தளையாலான புஷ், அல்லது குண்டு மூட்டு இருக்கும். மாட்டு வண்டிக்காரருக்கு இதனை எளிதில் விளக்கலாம். எருதுகள் எவ்வளவு பலமுள்ளவையாயினும், பூட்டாங்கயிறு தளர்ந்திருந்தால் நுகம் பிடரியில் நில்லாது. அதைக் கண்டு எருதைக் குறைகூறுவது தகாது. கியர்ப் பெட்டி எருது. இணைப்புக் கோல்கள் பூட்டாங்கயிறு.

சிறு தேய்மானத்தின் பெரிய விளைவு

ஒரு மூட்டில் அரை மில்லிமீட்டர் தேய்வது கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஆறு மூட்டுகளில் அவ்வாறு தேய்ந்தால் மொத்தம் 3 மில்லிமீட்டர் வெற்று அசைவு உண்டாகிறது. பெட்டிக்குள் நழுவு வளையம் செல்ல வேண்டிய தூரமோ சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். கைப்பிடி தன் எல்லை வரையில் சென்ற பின்னும் உள்ளே வளையம் முக்கால் தூரமே சென்று நிற்கும். பற்கள் முழு நீளமும் கவ்வாமல் நுனியால் மட்டும் பாரத்தைச் சுமக்கும். பாரம் ஏறிய வண்டி மேட்டில் ஏறும்போதோ, மேட்டிலிருந்து இறங்கும்போதோ, நுனி வழுக்கிக் கியர் தானே கழன்றுகொள்ளும். இவ்வாறு சில மாதங்கள் ஓடினால் பல்லின் முனைகள் உருண்டு போகும். அப்பொழுது கோல்களைச் சரிப்படுத்தினாலும் கியர் நில்லாது. பெட்டியைப் பிரித்தே தீரவேண்டும். அற்பவிலை புஷ்ஷைக் கவனியாமல் விட்டதன் பலன் இதுவே.

கியர் கழல்வதில் பொருள் நஷ்டம் மட்டுமன்று, உயிரபாயமும் உண்டு. பச்சைமலை அடிவாரத்துச் சரிவுகளில் பாரத்தோடு இறங்கும் வண்டி கியரை இழந்தால், எஞ்சினின் பிடிப்பு அறவே நீங்கி, முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பழைய வண்டியின் பிரேக் சூடேறினால் அதன் பிடிப்பும் குறையும்.

கோளாற்றைக் கண்டறியும் முறை

கீழ்க்கண்ட சோதனைகளை வரிசைப்படி செய்தால், விலையுயர்ந்த கருவி எதுவுமின்றியே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் அறியலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைக்க வேண்டும். வண்டியின் அடியில் செல்வதாயின் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. உறுதியான தாங்கு கட்டைகள் கொடுத்த பின்னரே நுழைய வேண்டும்.

1. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்கவேண்டும். நிறுத்திய நிலையில் எளிதாய் விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டினால், குற்றம் கிளட்சினுடையது. கிளட்ச் முற்றிலும் விலகவில்லை என்பது பொருள்.

2. இதனை உறுதிப்படுத்த, எஞ்சின் ஓடுகையில் கிளட்சை முழுதும் மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடவேண்டும். அப்பொழுதும் கரகரவென்று ஓசை வந்தால் கிளட்ச் இழுக்கிறதென்று கொள்ளலாம். பெடலின் வெற்று அசைவு கைப்புத்தகத்தில் குறித்தபடி உள்ளதா, கிளட்ச் கம்பி இழை இழையாய் அறுந்துள்ளதா, எண்ணெயால் இயங்கும் கிளட்சாயின் எண்ணெய் குறைந்துள்ளதா என்று பார்க்கவேண்டும்.

3. எஞ்சின் நின்றிருக்கும்போதும் கியர் கடினமாய் விழுந்தால், ஒருவர் கைப்பிடியை மெதுவாய் அசைக்க, மற்றொருவர் பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு மூட்டையும் நோக்க வேண்டும். கோலின் ஒரு முனை நகர்ந்து மறுமுனை தாமதித்து நகர்கிற இடத்தில் தேய்மானம் உள்ளது. கோல் வளைந்துள்ளதா, வேறு பாகத்தில் உராய்கிறதா என்பதையும் அப்போதே காணலாம்.

4. இதன் பிறகு, பெட்டியின் மேலுள்ள சிறு கரத்திலிருந்து கோலைக் கழற்றிவிட்டு, அக்கரத்தைக் கையால் அசைக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று தெளிவாய் விழுந்தால் பெட்டி பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளது, பழுது கோல்களிலேயே. கையாலும் விழாவிட்டால் மாத்திரம் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

5. கியர் கழலும் வண்டிகளில் எஞ்சினையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர்களைப் பார்க்க வேண்டும். ரப்பர் நைந்து போனால் பாரத்தில் எஞ்சின் முன் பின்னாய் ஆடும். கோலின் நீளம் மாறியது போலாகிக் கியர் கழலும்.

6. ஓசையும் ஒரு சாட்சியாகும். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது இரைச்சல் கேட்டு, கிளட்சை மிதித்தவுடன் அடங்கினால், பெட்டியின் உள் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் காரணமாகலாம். ஒரே ஒரு கியர் மாத்திரம் விழும்போது உரசினால் அக்கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்ததென்று எண்ணலாம்.

புஷ் மாற்றுதலும் நீளம் சரிப்படுத்துதலும்

பழுது கோல்களில் என்று தெரிந்தால், தேய்ந்த ஒரு புஷ்ஷை மட்டும் மாற்றாமல் எல்லா மூட்டுகளுக்கும் ஒரே முறையில் மாற்றுவது சிக்கனம். ஒன்று புதிதாயும் ஐந்து பழையதாயும் இருந்தால் வெற்று அசைவு பெரிதும் குறையாது. கழற்றுமுன் ஒவ்வொரு கோலும் எத்திசையில் இருந்தது, மரையாணி எவ்வளவு தூரம் உள்ளே சென்றிருந்தது என்பதைச் சுண்ணாம்பாலோ வர்ணத்தாலோ குறித்துக்கொள்ள வேண்டும். புஷ் புதிதாயினும் அதனுள் செல்லும் முளை ஒருபுறம் தேய்ந்து முட்டை வடிவாய் இருந்தால், அதனையும் மாற்ற வேண்டும்.

டயர்த் துண்டை அறுத்துப் புஷ்ஷாகச் செருகுவதும், பிளவு முளைக்குப் பதிலாய்க் கட்டுக்கம்பியை முறுக்கிவிடுவதும் வழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க மட்டுமே தகும். அதனை நிலையான பழுது பார்ப்பாய்க் கருதலாகாது. ரப்பர் அமுங்குவதால் வளையம் முழுத் தூரம் செல்லாது. மேலே கூறிய கேடு யாவும் மறைவில் தொடரும்.

நீளத்தைச் சரிப்படுத்தும் முறையாவது: கைப்பிடியையும் பெட்டியின் கரத்தையும் தனித்தனியே நியூட்ரலில் நிறுத்த வேண்டும். பிறகு கோலின் முனையைத் திருகி, முளை எவ்வித நெருக்குதலுமின்றித் தானே துளையில் நுழையும்படி நீளத்தை அமைக்க வேண்டும். நெருக்கி நுழைத்தால் ஒரு பக்கத்துக் கியர்கள் முழுதும் விழும். மறுபக்கத்துக் கியர்கள் அரைகுறையாய் நிற்கும். பூட்டு நட்டை இறுக்கிய பின் எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்த்து, எந்த நிலையிலும் கைப்பிடி தன் துவாரத்தின் விளிம்பில் முட்டாமல் உள்ளதா என்று கவனிக்க வேண்டும். கைப்பிடி முதலில் முட்டுமானால் உள்ளே கியர் முழுதும் விழவில்லை என்பது நிச்சயம். உறைக்குள் ஓடும் கம்பிகளுள்ள வண்டிகளில், உறை கிழிந்து உள்ளே துரு ஏறியிருந்தால் கம்பியை மாற்றுவதே நலம்.

எண்ணெயும் அதன் தரமும்

கியர்ப் பெட்டியின் எண்ணெய் எஞ்சின் எண்ணெய் போல் எரிந்து குறைவதன்று; கசிந்தே குறையும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டு மூடியைக் கழற்றிச் சுண்டுவிரலை நுழைத்தால் துளையின் கீழ் விளிம்பளவுக்கு எண்ணெய் தட்டுப்பட வேண்டும். எண்ணெய் மாற்றுவதாயின் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றிய பின் வடிக்க வேண்டும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஊற்றும் மூடியை முதலில் திறந்து பார்த்துவிட்டே வடிக்கும் மூடியைத் திறக்க வேண்டும். மேல்மூடி துருப்பிடித்துத் திறவாமற் போனால், உள்ளதை வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வழியின்றி நிற்க நேரிடும்.

வடித்த எண்ணெயைத் தட்டில் ஏந்திப் பார்ப்பது வைத்தியர் நாடி பார்ப்பதற்கு ஒப்பாகும். சாம்பல் நிறமான மெல்லிய பசை சிறிதளவு இருப்பது இயல்பான தேய்மானம். மஞ்சள் நிறப் பொடி மின்னினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. எஃகுச் சில்லுகள் கண்டால் பல் உடைந்திருக்கக்கூடும். அத்துடன் வண்டியை ஓட்டலாகாது. எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. மழைக்காலத்தில் ஓடைகளைக் கடந்த வண்டிகளில் இது நேரிடும்.

எவ்வெண்ணெய் ஊற்றுவது என்பதில் பலர் தவறுகின்றனர். கெட்டியான எண்ணெயெல்லாம் நல்லதென்று பின் அச்சுக்கு ஊற்றும் ஜி.எல்.5 தர எண்ணெயையே பெட்டிக்கும் ஊற்றுவோர் உண்டு. அதிலுள்ள கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகள் அதிக அழுத்தத்தைத் தாங்க உதவுபவை. ஆனால் அவற்றுள் சில வகைகள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். மேலும் வழுவழுப்பு மிகுவதால் சிங்க்ரோ ரிங் பிடிப்பின்றிப் போகும். பித்தளை வளையமுள்ள பழைய பெட்டிகள் பலவற்றிற்கு ஜி.எல்.4 தரமே குறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட தரத்தையும் கனத்தையும் அனுசரிப்பதே சரியான வழி. வடித்த எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், டின்னில் சேகரித்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும்.

புழுதியும் கரிசல் சேறும்

அரியலூர்ப் பிரதேசத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்துள்ளன. கல் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலைகளில் எழும் புழுதி, வேனின் அடிப்பாகத்தில் கிரீஸ் பட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. புழுதியும் கிரீஸும் கலந்தால் அது சாணைபிடிக்கும் பசையாகி, மூட்டுகளை அரைத்துவிடும். ஆகையால் அழுக்கின் மேலேயே புதுக் கிரீஸை அப்புவது கேடு. முதலில் துடைத்துச் சுத்தம் செய்து, பழைய கிரீஸை நீக்கிய பிறகே புதியது இட வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டில், பழைய கிரீஸ் வெளிவந்து புதியது தலைகாட்டும் வரை செலுத்த வேண்டும். கைப்பிடியின் அடியிலும் மூட்டுகளிலும் உள்ள ரப்பர் உறைகள் கிழிந்தால் உடனே மாற்றுவது அவசியம்.

இரு ஜில்லாக்களிலும் பரவியுள்ள கரிசல் மண் வேறு விதத்தில் தீங்கு செய்கிறது. மழையில் வயலோரம் சென்ற வண்டியின் கோல்களில் அது அப்பிக்கொண்டு, காய்ந்ததும் கல் போல் இறுகி, கோல் முழுத் தூரம் நகராதபடி தடுக்கும். வீடு திரும்பியதும் ஈரமாயிருக்கும்போதே கழுவிவிட வேண்டும். கியர்ப் பெட்டியின் மேல் உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியேற ஒரு சிறு துளை இருக்கும். அது மண்ணால் அடைபட்டால், அழுத்தம் மிகுந்து எண்ணெய் சீல்களின் வழியாய்க் கசியும். பலர் சீலை மாற்றியும் கசிவு நிற்கவில்லையென்று வருந்துவதற்கு இத்துளை அடைபட்டிருப்பதும் ஒரு காரணமாம்.

ஓட்டுபவரின் பழக்கம்

ஓட்டும்போது கையைக் கைப்பிடியின் மேலேயே வைத்திருப்பது அநேகரின் வழக்கம். அக்கையின் பாரம் கோல்களின் வழியே கவைக்குச் சென்று, சுழலும் வளையத்தின் மேல் கவையை ஓயாமல் அழுத்தித் தேய்க்கும். கிளட்ச் பெடலின் மேல் காலை ஊன்றி வைப்பதும், வண்டி முற்றிலும் நிற்குமுன் ரிவர்ஸ் போடுவதும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும் இத்தகைய கேடுகளேயாகும். டீசல் மிச்சமாகுமென்று சரிவில் நியூட்ரலில் இறங்குவதை அறவே விலக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

வாடகைக்கும் வியாபாரத்திற்கும் ஓடும் சரக்கு வாகனம் எட்டு வருஷத்திற்கு மேற்பட்டதாயின், தகுதிச் சான்றிதழை வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டும். அச்சோதனைக்குப் போகுமுன் மேற்கூறிய வேலைகளைச் செய்து முடிப்பது சௌகரியம். அரசாங்கத்திற்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் சொந்தமான வாகனங்களில் 15 வருஷம் கடந்தவற்றின் பதிவு 2023ஆம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. இவ்விதி தனியாரின் வண்டிகளுக்கு இல்லை. கூட்டுறவுச் சங்கத்திலும் ஊராட்சியிலும் உள்ள வண்டிகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எண்ணெய் மாற்றிய தேதி, புஷ் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்து வருவது நல்ல பலன் தரும். ஒரே விதமான வேன் பல உள்ள ஊரில், சொந்தக்காரர்கள் கூடி ஒரு ஜதை புஷ்களும் ஒரு கிளட்ச் கம்பியும் வாங்கிப் பொதுவில் வைத்திருந்தால், அறுவடைச் சமயத்தில் ஒருவருடைய வண்டியும் ஒரு நாள் முழுதும் நிற்க வேண்டியிராது.

வெங்காயம் பிடுங்கு முன் பட்டறையைச் செப்பனிடுவதும், நடவுக்கு முன் ஏரைச் சீர்செய்வதும் குடியானவர்க்குப் புதிதன்று. அவ்வரிசையில் அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்னதாய் வேனின் அடியில் குனிந்து கோல்களையும் மூட்டுகளையும் பார்த்துவிடும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முற்பகல் வேலையும் சில புஷ்களும், ஒரு பாரம் வெங்காயத்தையும் ஒரு கியர்ப் பெட்டியையும் காப்பாற்றும்.